அந்தோணியார் கொடுத்த மாடி

மேல்தளம், எண் 14,
பெரிய கிணற்றுச் சந்து,
சாந்தோம், சென்னை 4.
7 ஜூலை 2025

மதிப்பிற்குரிய செல்வி ஜூலியட் அவர்களுக்கு,

தங்கள் தம்பி கிளிஃபர்ட் எழுதிக்கொள்வது. வீட்டு விஷயமாக இனி எதைப் பேசுவதாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் ஸ்பீடு போஸ்ட்டில் போக வேண்டும் என்று வக்கீல் ராஜநாயகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே தாங்கள் கீழ்த்தளத்திலும் நான் மேல்தளத்திலும் குடியிருந்தபோதிலும் இதைத் தபாலில் அனுப்புகிறேன்.

என் மனைவி ஜோன் பிப்ரவரி மாதம் நம்முடைய இரும்புச் சுழல் படிக்கட்டில் விழுந்து முழங்கால் போனது தங்களுக்குத் தெரியும். ஐந்து மாதமாக அவள் தரையை மிதிக்கவில்லை. முப்பது வருஷம் கோயில் பாடகர் குழுவில் பாடியவள். இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை மணியை பால்கனியில் உட்கார்ந்து கேட்கிறாள். ஃபாதர் மாதம் ஒருமுறை மேலே ஏறி வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்கே மூச்சு வாங்குகிறது.

இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான். வீட்டை பில்டரிடம் கொடுத்தால் இடித்துவிட்டு நான்கு மாடி கட்டி லிஃப்ட் வைத்துத் தருவார். தங்கள் கையெழுத்து இல்லாமல் அது நடக்காது. ஈஸ்டர் அன்று சாப்பாட்டு மேசையில் ஒப்பந்தத்தை நீட்டியது தவறு என்றால் வருத்தம் தெரிவிக்கிறேன். அதற்காக அதன்மேல் மீன்குழம்புச் சட்டியை வைத்திருக்க வேண்டியதில்லை.

கையெழுத்துப் போட மனமில்லை என்றால், தரைத்தளத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டு நாங்கள் போய்விடுகிறோம். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
கிளிஃபர்ட்

*

கீழ்த்தளம், அதே வீடு
10 ஜூலை 2025

டேய் கிளிஃபர்ட்,

தாங்களாம், செல்வியாம். மூக்கு ஒழுகினால் என் தாவணியில் துடைத்துக்கொண்டு திரிந்தவன் நீ. ராஜநாயகம் எனக்கும்தான் வக்கீல். "எழுதிக்கொள்ளுங்கள்" என்று நம் சண்டை தாங்காமல் சொல்லியிருப்பார். அதை இப்படிப் பிடித்துக்கொள்வாய் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது.

தபால்கார ஆரோக்கியராஜ் உன் கவரை என்னிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்புநர் முகவரியைப் படித்தான். அண்ணாந்து மாடியைப் பார்த்தான். "இன்னா டீச்சர், மேல கீறவரு கீய கீறவங்களுக்கு ஸ்பீடு போஸ்ட்டா? இது அண்ணா சாலை போய் சுத்திக்கினு வந்துகீது டீச்சர்" என்றான். வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் நீ ஆரம்பித்ததால் நானும் தபாலிலேயே அனுப்புகிறேன். அலையட்டும்.

இடிக்கக் கையெழுத்துப் போட மாட்டேன். காரணம் கேள். இரண்டு வருஷம் கட்டுவான், அதுவரை அறுபத்து நான்கு வயதில் நான் எந்தப் போர்ஷனில் போய் ஒண்டுவேன்? அவன் வரைபடத்தில் தரைத்தளம் முழுக்கக் காருக்கு. நம் இருவரிடமும் கார் இல்லை. கரண்ட் போனால் லிஃப்ட் நிற்கும், ஜோன் மறுபடி மேலேயே உட்கார்ந்திருப்பாள். இதையெல்லாம் ஈஸ்டர் அன்றே சொல்ல வாயெடுத்தேன். நீதான் எழுந்து போய்விட்டாய்.

தரைத்தளத்தில் வீடு தேடப் போகிறாயாம். உன் கட்டிலுக்கு நேர் கீழே ஒரு தரைத்தளம் இருக்கிறது. அதில் உன் அக்கா ஒருத்தி குடியிருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம் என்று உனக்கு ஏன் தோன்றவில்லை? உட்கார்ந்து யோசி.

ஜோனுக்கு வடகம் வறுத்து வைத்திருக்கிறேன். பால்கனியிலிருந்து கயிற்றுக் கூடையை இறக்கச் சொல்.

ஜூலியட்

*

மேல்தளம்
21 ஜூலை 2025

அக்காவுக்கு,

வடகம் கிடைத்தது. ஜோன் நன்றி சொல்லச் சொன்னாள்.

நீ எழுதியது புரியாமல் இல்லை. ஆனால் ஒன்றை மறக்காதே. அப்பா இறந்த மறு வருஷம் பாகம் பிரித்தபோது நாம் சண்டை போடவில்லை. கீழே சுவர் மாடத்தில் இருக்கிற அந்தோணியார் சுரூபத்துக்கு அடியில் இரண்டு சீட்டு வைத்து, ஜெபம் சொல்லி, ராஜநாயகம் முன்னிலையில் எடுத்தோம். எனக்கு மாடி வந்தது, உனக்குக் கீழ் வந்தது. அந்தோணியார் கொடுத்ததை மாற்றச் சொல்லி நான் யாரிடமும் கை நீட்ட மாட்டேன். என் மனைவிக்கு வீடு பார்ப்பது என் வேலை.

போன வாரம் ஆதம்பாக்கம் போனேன். தரகர் சேட்டு பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு ஆறு அடுக்ககம் காட்டினான். ஆறிலும் தரைத்தளமே இல்லை! எல்லா வீடும் நான்கு தூணின் மேல் நிற்கிறது. கீழே காரும் ஸ்கூட்டரும் வாட்ச்மேன் கட்டிலும். "தரையில் வீடே கிடையாதா?" என்று கேட்டேன். "சார், கீய கார் தான் குடியிருக்கும். மன்சன் எல்லாம் மேல தான்" என்கிறான். வாட்ச்மேனுக்கு மட்டும் படிக்கட்டுக்கு அடியில் ஒரு அறை. அவன் ஒருவன்தான் அந்தக் கட்டடத்தில் தரையில் வாழ்கிறவன். காலி செய்வானா என்று கேட்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்துவிட்டேன்.

ஏழாவதாக ஒன்று கிடைத்தது. தரைத்தளம்தான். ஆனால் வீட்டு வாசலுக்கு ஏழு படி. வெள்ளம் வரும் என்று உயர்த்திக் கட்டினார்களாம்.

இன்னும் தேடுவேன்.

கிளிஃபர்ட்

*

கீழ்த்தளம்
25 ஜூலை 2025

கிளிஃபர்ட்,

அந்தோணியார் கொடுத்தாரா? சரி. அவர் மாடத்திலேயேதான் இருக்கிறார். தினமும் விளக்கேற்றுகிறேன். ஒரு நாள் நீயே இறங்கி வந்து அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல். நான் சமையல்கட்டுக்குள் போய்விடுகிறேன்.

நீ எதைக் கொடுத்தார் என்கிறாயோ அதன் மறுபாதியை நான் ஆறு வருஷமாக வாழ்கிறேன். உனக்குக் கடல்காற்று. எனக்கு மழைநீர்க் கால்வாய். டிசம்பர் புயலில் தண்ணீர் உள்ளே வந்தபோது பீரோவுக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கினேனே, அந்தச் செங்கலை இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி வைக்க ஆள் வேண்டும். ஐப்பசி வந்தால் குளியலறையில் தவளை. அதற்குப் பேர்கூட வைத்துவிட்டேன், உன் பேர்தான். இரவு முழுக்கக் கத்தும், கிட்டே போனால் பைப்புக்குள் ஓடிவிடும்.

புலம்புவதற்காகச் சொல்லவில்லை. தரையில் வாழ்வது எப்படி என்று தெரியாமல் தரையைத் தேடி அலைகிறாயே என்று எரிச்சலாக இருக்கிறது.

மீன்கார தேசம்மா நேற்று மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். ஜோன் கூடையை இறக்கினாள். தேசம்மா கூடையில் சங்கரா மீன் வைத்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அரசாங்கம் கொடுத்த வீடு மூன்றாவது மாடி. "கடலாண்ட குடிசையில கீறப்போ தண்ணி வந்தா ஓடுவேன். இப்போ மூணு மாடி ஏறி மூச்சு வாங்குது. எந்த ஊடு குடுத்தாலும் அதுல ஒரு குறை வெச்சித்தான் குடுக்கறானுங்கோ" என்றாள். பிறகு மேலே பார்த்து, "ஜோனம்மா மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சி டீச்சர்" என்றாள்.

எனக்குத் தெரியும். நான் தினமும் அந்தக் கூடையைப் பார்க்கிறேன்.

ஜூலியட்

*

மேல்தளம்
11 ஆகஸ்ட் 2025

அக்கா,

இதை எழுதவே அவமானமாக இருக்கிறது. ஆனால் தேசம்மா எப்படியும் உன்னிடம் சொல்லிவிடுவாள்.

தி. நகரில் ஒரு நல்ல வீடு. பழைய தனி வீடு, கீழ் போர்ஷன், படியே இல்லை, வாசலிலிருந்து நேராகக் கூடம். மேலே உரிமையாளர் ஸ்ரீரஞ்சனி மாமி. காப்பியெல்லாம் கொடுத்தார். "எங்காத்துல ஒரே ஒரு கண்டிஷன்தான். அசைவம் கூடாது. நீங்க என்ன சாப்பிடுவேள்?" என்று கேட்டார். நான் ஜோனின் முழங்காலை நினைத்துக்கொண்டு, "நாங்கள் சுத்த சைவம்" என்று சொல்லிவிட்டேன். "கிளிஃபர்ட்னு பேர் இருக்கு, சைவமா?" என்றார். "சின்ன வயசிலிருந்தே" என்றேன்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. எனக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். தேசம்மா. "சார், வஞ்சிரம் வந்துகீது, முழு மீனு! ஜோனம்மாக்கு தலை போட்டு கொயம்பு வெக்கணும்னு நீதானே கேட்டுக்கினு கெடந்தே, எடுத்து வெக்கட்டா?" என்று மாம்பலம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

மாமி தன் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "மீன் சாப்பிடறவான்னு சொல்லியிருந்தா, முடியாதுன்னு சொல்லி அனுப்பியிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். ஆத்து வாசல்ல நின்னுண்டு பொய் சொன்னேள் பாருங்கோ, அதுதான் நன்னா இல்லை" என்றார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

கோட்டூர்புரத்திலும் ஒன்று பார்த்தேன். ஹவுசிங் போர்டு வீடு, தரைத்தளம், படியில்லை. அடுத்த வீட்டு ஆதில் என்ற ஆட்டோக்காரர் தங்கமான மனிதர். அவர்தான் சுவரில் புதுப் பெயின்ட்டைச் சுரண்டிக் காட்டினார். என் மார்பு உயரத்துக்கு ஒரு கறை. ஆற்று வெள்ளம் வந்து நின்ற கோடு. "ஆன்ட்டிக்கு ஓட முடியாதுன்னு சொல்றீங்க. வேணாம் சார்" என்றார்.

ராயப்பேட்டையில் ஒரு போர்ஷன். எட்டுக் குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, அதுவும் முற்றத்தைத் தாண்டி.

இவ்வளவு பெரிய ஊரில் ஒரு பெண்பிள்ளை கால் வைத்து வெளியே நடந்து போக ஒரு வாசல் இல்லையா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நீ கையெழுத்துப் போட்டிருந்தால் நான் இப்படி நாய் படாத பாடு படுவேனா?

கிளிஃபர்ட்

*

கீழ்த்தளம்
14 ஆகஸ்ட் 2025

கிளிஃபர்ட்,

ஸ்ரீரஞ்சனி மாமிக்கு என் வணக்கத்தைச் சொல். யாரோ முன்பின் தெரியாத அம்மாள் உன்னிடம் சரியான விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். வீட்டு வாசலில் நின்று சொல்கிற பொய் நன்றாக இருக்காது. ஆறு வருஷமானாலும் இருக்காது.

நான் ஏன் இதை எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரியாவிட்டால் இன்னும் நாலு வீடு பார்.

நாளைக்கு மாதா விண்ணேற்புத் திருநாள். சுதந்திர தினத்துக்கு மைதானத்தில் மைக் கட்டிவிட்டார்கள், கோயில் பாட்டும் கொடிப் பாட்டும் ஒன்றாகக் காதைக் கிழிக்கப் போகிறது. போன வருஷம் ஜோன் நீலப் புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நின்று பாடினாள். ஆமென்னை அவள் மட்டும் அரை நிமிஷம் அதிகமாக இழுப்பாள், ஆர்கன் வாசிக்கிறவர் முறைப்பார். இந்த வருஷம் யாரும் இழுக்கப் போவதில்லை. ஆர்கன்காரருக்கு நிம்மதி. எனக்கு இல்லை.

என்னைக் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான். கேட்டால் பதில் சொல்வேன். கேட்காமல் நானாகச் சொல்ல மாட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது. ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள்தானே.

ஜூலியட்

*

மேல்தளம்
2 செப்டம்பர் 2025

அக்கா,

தேடி முடித்துவிட்டேன். இனி நீ கேலி செய்யத் தேவையில்லை.

நாவலூர் தாண்டி ஒரு முதியோர் குடியிருப்பு. துபாயிலிருந்து ஜாக்சன் இணையத்தில் பார்த்துச் சொன்னான். பெற்ற பிள்ளை செய்ய முடிந்தது அவ்வளவுதான். தரை முழுக்க வழுக்காத கல், சுவரெல்லாம் கைப்பிடி, படி என்ற பேச்சே இல்லை. மேலாளர் ரூஹி என்ற பெண், "அங்கிள், இங்க வீல்சேர் போகாத இடமே கிடையாது" என்று சுற்றிக் காட்டினாள். நர்ஸ் உண்டு, மணி அடித்தால் வருவார்கள். சாப்பாடு ஏழு மணிக்கு, எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, சைவம். இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. மீன் சாப்பிடுவோம், விட்டுவிடுகிறோம் என்றேன்.

பக்கத்தில் கோயில் இல்லை. மாதம் ஒருமுறை வேன் போகுமாம்.

அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் திறக்க வேண்டும் என்பதற்காக. நியாயம்தான். ஜோனிடம் சொன்னேன். "தாழ்ப்பாள் இல்லேன்னா அது எப்படிங்க வீடு?" என்று கேட்டாள். வழக்கமாக இந்த நாட்களில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயில் கொடித் திருவிழாவுக்குக் காவி கட்டி நடந்தே போவாள். இந்த வருஷம் காவி உடை உடுத்திக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து, நடந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பாவை எப்படி இறக்கினோம் என்பது உனக்கு நினைவிருக்கும். படிக்கட்டுத் திருப்பத்தில் சவப்பெட்டி திரும்பவில்லை. குப்பத்திலிருந்து ஆறு பேர் வந்து பால்கனியிலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து ஜோனுக்கு அந்தப் பயம். "என்னையும் அப்படி இறக்காதீங்க, நான் உயிரோட இறங்கணும்" என்கிறாள். இதற்கு மேல் நான் என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை போய்ப் படிவங்களில் கையெழுத்துப் போடுகிறேன். அக்டோபர் ஒன்றாம் தேதி போகிறோம்.

கிளிஃபர்ட்

*

கீழ்த்தளம்
6 செப்டம்பர் 2025, சனிக்கிழமை காலை

கிளிஃபர்ட்,

இதைத் தபாலில் போட நேரமில்லை. கூடையில் வைக்கிறேன். ஜோன் தூக்கட்டும், நீ படி.

நேற்று நீ நாவலூர் போன பிறகு நடந்ததை ஜோன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். பதினோரு மணிக்குப் படிக்கட்டில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். ஜோன் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். காவிப் புடவை, கையில் ஜெபமாலை. ஆறு படி வந்துவிட்டாள். நான் ஈஸ்டருக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் படிக்கட்டில் ஏறி, அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"எங்கே போறே?" என்றேன். "பெசன்ட் நகர்" என்றாள். "எப்படி?" "இறங்கிட்டா ஆட்டோ பிடிச்சிடலாம்." "திரும்ப எப்படி ஏறுவே?" உட்கார்ந்து இறங்க முடியும், ஏற முடியாது என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. "அக்கா, ஏற முடியலைன்னா ராத்திரி நான் எங்க படுப்பேன்?" என்று கேட்டாள்.

என் வீட்டில் படு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஒரு நிமிஷம்தான். உன் மேலிருந்த கோபம் குறுக்கே நின்றுகொண்டது. அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவள் தலையைத் திருப்பி மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஆரோக்கியராஜும் தேசம்மாவும் வந்து, மூன்று பேருமாக அவளை மறுபடி மேலே ஏற்றினோம். ஆறு படிக்கு அரை மணி நேரம். அவள் அழவே இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

உன் தவறுக்காக அவளைக் காக்க வைத்தேன். அது என் பாவம். அதை நான் ஃபாதரிடம் சொல்லிக்கொள்கிறேன். இனி உன்னுடையதற்கு வருகிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சீட்டு இருக்கிறது. மடிப்பு கிழிந்துவிடும், மெதுவாகப் பிரி. 2019 ஜூன் ஐந்தாம் தேதி சீட்டு எடுத்தோம். நீதான் எழுதினாய், உன் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நான்தான் எழுதச் சொன்னேன். "நான் முதல்ல எடுக்கறேன்" என்று நீயே கை வைத்தாய். மாடி என்று வந்தது. இன்னொன்றைப் பிரிக்கத் தேவையில்லை என்று ராஜநாயகம் எழுந்துவிட்டார். எட்டு நாள் கழித்து அந்தோணியார் திருநாளுக்குச் சுரூபத்தைத் துடைக்கத் தூக்கினேன். இரண்டாவது சீட்டு அங்கேயே கிடந்தது. அதிலும் மாடி என்றுதான் எழுதியிருந்தது.

ஆறு வருஷமாக அது என் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. வாயைத் திறந்து கேட்டிருந்தால் மாடியை அன்றே கொடுத்திருப்பேன், கிளிஃபர்ட். ஜோன் காற்றுக்கு ஏங்குகிறவள் என்று எனக்குத் தெரியாதா? நீ கேட்கவில்லை. ஒரு புனிதரைக் களவுக்குக் கூட்டாளி ஆக்கினாய். ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முன்னால் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வருவாய். அன்று சாயங்காலம் என் வாசலுக்கும் வருவாய் என்று பால் காய்ச்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த வருஷம் ஈஸ்டர் அன்று வந்தாய். கையில் பில்டர் ஒப்பந்தத்தோடு.

நான் கணக்கு டீச்சர். முப்பத்து நான்கு வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் சீட்டு அது. அதில் மாடி என்று இருக்கிறது. அந்தோணியார் எனக்கும் மாடியைத்தான் கொடுத்திருக்கிறார். நான் மேலே வருகிறேன். அடுத்த சனிக்கிழமைக்குள் காலி செய்துகொண்டு நீங்கள் இருவரும் கீழே வந்து சேருங்கள். பத்திரம் எப்படி இருக்கிறதோ அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். நாவலூர்ப் பெண்ணுக்குப் போன் செய்து சொல்லிவிடு, நல்ல பெண்ணாகத் தெரிகிறாள்.

ஜூலியட்

*

மேல்தளம்
அதே நாள்

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அன்று எடுத்து முடித்ததும் இரண்டாவது சீட்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தேன். ஜோன் காப்பி கொண்டுவந்தாள், மறந்துவிட்டேன். திருநாளுக்கு மறுநாள் இறங்கி வந்து சுரூபத்தைத் தூக்கிப் பார்த்தேன். இல்லை. துடைத்த மாதிரி இருந்தது. நீ சமையல்கட்டில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாய். உனக்குத் தெரிந்துவிட்டதா, பெருக்கும்போது குப்பையோடு போய்விட்டதா என்று அன்றிலிருந்து தெரியாது. உன் வீட்டில் தண்ணீர் வந்த ராத்திரியெல்லாம் மேலே விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். வீட்டையே இடித்துவிட்டால் மாடியும் இல்லை, கீழும் இல்லை, அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். உன்னிடம் வந்து கீழ்வீட்டைக் கேட்டால் நீ அந்தச் சீட்டை நீட்டுவாய் என்ற பயத்தில்தான் ஆதம்பாக்கம் வரை போய் அலைந்தேன்.

ஜோனிடம் இப்போதுதான் சொன்னேன். "ஆறு வருஷமா நான் அக்காவோட காத்தையா வாங்கிட்டிருந்தேன்?" என்றாள். கீழே வருவதற்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

மன்னித்துவிடு என்பதை எழுத்தில் சொல்லக் கூடாது. இறங்கி வருகிறேன். பால் காய்ச்சு.

கிளிஃபர்ட்

*

மேல்தளம் (ஆமாம், நான்தான்)
22 அக்டோபர் 2025

கிளிஃபர்ட்,

மழை வலுத்துவிட்டது. எட்டிப் பார்த்தால் நீ வாசலில் நின்று தண்ணீரை முறைத்துக்கொண்டிருக்கிறாய். முறைத்தால் போகாது. சொல்கிறபடி செய். பீரோவுக்கு அடியில் செங்கல் இருக்கிறது, கட்டிலுக்கும் வை. வாசலில் இரண்டாவது கல் வரை வந்தால் கால்வாய் மூடியைக் கம்பியால் கிளப்பு. ஜோனின் ஊன்றுகோலை ஈரத்தில் வைக்காதே. தவளையை விரட்டாதே, அது உன் பேர்க்காரன்.

நீ ஒன்றுக்கும் உதவ மாட்டாய் என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஜோன் இறங்கி வந்த அன்று நான் ஒரு படி கீழேயும் நீ ஒரு படி மேலேயுமாகப் பத்தொன்பது படியும் உட்கார்ந்து வந்தோமே, கடைசிப் படியில் அவள் எழுந்து நின்று, "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தனியாகத் தரையில் கால் வைத்தாளே, அதை நினைத்துக்கொள்கிறேன். அப்புறம் நேராக வாசல் கேட்டுக்குப் போய்த் தேசம்மாவிடம் பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். ஏழு மாதமாகக் கூடையில் வந்த மீனெல்லாம் செவுள் வெளுத்த மீன் என்று ஒரு பாட்டம் பாடினாளே! தேசம்மா, "யம்மா, நீ மேலயே கெட, எனக்கு நிம்மதியா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஆமென் இங்கே வரை கேட்டது. அதே அரை நிமிஷம். நான் மதியப் பூசைக்குப் போனேன், ஆர்கன்காரர் இன்னும் கோபமாக இருந்தார்.

காற்று நன்றாகத்தான் இருக்கிறது. படிதான் ஏறி மாளவில்லை. நேற்று பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அறுபத்து நான்கு. சும்மா சொல்கிறேன், பயப்படாதே.

ஜூலியட்

*

கீழ்த்தளம்
அதே நாள், மாலை

அக்கா,

தண்ணீர் இரண்டாவது கல்லோடு நின்றுவிட்டது. கால்வாய் மூடியைக் கிளப்பினேன், என் காலிலேயே போட்டுக்கொண்டேன். செங்கல் வைத்தாயிற்று. இவ்வளவையும் ஆறு வருஷம் தனியாக எப்படிச் செய்தாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நானும் பார்த்தேன். கூப்பிட்டால் திட்டுவாய் என்று உள்ளே போய்விட்டேன்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். ஜோனைச் சாட்சி வைத்துக்கொண்டு இரண்டு சீட்டு எழுதி, மடித்து, அந்தோணியாருக்கு அடியில் வைத்திருக்கிறேன். இந்தத் தடவையும் நான்தான் எழுதினேன். இரண்டிலும் 'கீழ்' என்றுதான் இருக்கிறது. கால் ஓய்ந்துபோகிற அன்றைக்கு வந்து நீ முதலில் எடு. நாங்கள் உள்ளே இன்னொரு கட்டில் போட்டுக்கொள்கிறோம்.

கூடையை இறக்கு. வஞ்சிரம் குழம்பு, தலை உனக்கு.

கிளிஃபர்ட்